நூபியா தேர்ச்சி பெற்றாள்

நெருப்பையும் இரும்பையும் இணைத்த அன்றுதான் மனிதன் மனிதனானான் என்று இஞ்சினியர் பெத்ராசா மேடையில் அறிவித்தார். ஒலிபெருக்கி அந்தச் செய்தியை மக்தலேனா ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோயிற்று. அன்று போசோ ஓண்டோ பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் இரும்பு இருந்தது. மனிதர்களும் இருந்தார்கள். நெருப்புக்கு வேண்டிய மின் இணைப்பு மட்டும் வந்து சேரவில்லை. பள்ளிக்கூடத்து மின்சாரம் ஒரு மின்விசிறிக்குப் போதுமானது. அதையும் பிடுங்கி மைக்குக்குக் கொடுத்திருந்தார்கள். ரிப்பன் கட்டிய நாலு வெல்டிங் மிஷின்கள் கல்யாணப் பெண்கள்போல மேடையோரம் சும்மா நின்றன.

வெல்டிங் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில், மடியில் முகமூடியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாற்காலி தொடையில் ஒட்டிக்கொண்டது. நூபியா அவ்வப்போது இடுப்பைத் தூக்கிப் பாவாடையை விடுவித்துக்கொண்டாள். பக்கத்தில் அர்னுல்ஃபோ. ஐம்பதைத் தாண்டியவர். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், பஸ் முதலாளி பஸ்ஸை விற்றுவிடும்வரை.

"மனுஷன் எப்ப மனுஷன் ஆனா என்ன தாயி, ரொட்டி எப்ப குடுப்பாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

"பேச்சு முடிஞ்சதும்னாங்க அண்ணே."

"அப்ப இன்னிக்கு இல்ல."

இஞ்சினியர் பெத்ராசா தலைநகரத்துக்காரர். அவரைப் பயிற்சியாளராக எண்ணெய்க் கம்பெனி அனுப்பியிருந்தது. ஊரில் எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு யார் வந்தாலும் போசோ ஓண்டோவில் டாக்டர்தான். அவரும் மறுக்கவில்லை.

எண்ணெய்க் கம்பெனி ஊரைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் துளை போட்டிருந்தது. திறன் தேவைப்படாத வேலை எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஒரு விதி. பள்ளம் தோண்டுவது, புல் வெட்டுவது, குழாய் சுமப்பது, சாலையில் நின்று 'நில்', 'போ' என்று பலகை காட்டுவது. கம்பெனி ஆள் கேட்கும்போதெல்லாம் குடியிருப்புச் சங்கத்தில் குலுக்கல் நடக்கும். மாதா கோயில் திருவிழாவில் பிங்கோ ஆடும் கம்பிக் கூண்டை இரவல் வாங்கி, அதில் பெயர் எழுதி வீட்டுக்கு ஒரு பந்து போடுவார்கள். சங்கத் தலைவி தோன்யா ஃபானி கூண்டைச் சுற்றுவாள். பந்து வெளியே வந்த வீட்டுக்கு ஒரு மாத வேலை. அப்புறம் மறுபடி கூண்டு.

நூபியாவின் வீட்டுப் பந்து முன்பு அவள் புருஷன் யெசீத் பெயரில் இருந்தது. அவன் போன முறை குழாய் சுமக்கையில் முதுகு பிடித்து விழுந்தான். கம்பெனி மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, அது பழைய முதுகு, வலி வேலையால் வந்ததில்லை என்றார். அன்றிலிருந்து யெசீத் தொங்கு ஊஞ்சலில் படுப்பதும் எழுவதுமாக இருந்தான். பந்து நூபியாவின் பெயருக்கு மாறியது. அந்தப் பந்து வந்தால் வீட்டில் அடுப்பு எரியும். வராத மாதங்களில் அவள் கம்பெனி வாசலுக்கு எதிரே மீன் பொரித்து விற்பாள். அங்கே அவளைப்போல் இன்னும் பத்துப் பேர் மீன் பொரித்தார்கள்.

"வெல்டர்னா மாசா மாசம் கூண்டப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டாம்" என்று அவள் யெசீதிடம் சொன்னாள். "நிரந்தரமா எடுப்பாங்களாம். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு? என் முதுகப் பாத்தவனா?"

"இவரு வேற டாக்டரு."

"கத்துக்கோ. யாரு வேண்டாங்கிறா? ஆனா பந்த மட்டும் விட்றாத."

"பந்து எங்க போகப்போவுது?"

மின் இணைப்பு வந்தது. வகுப்பு தொடங்கியது. இஞ்சினியர் முதல் வாரம் முழுக்க உலோகங்களின் உள்ளமைப்பைப் பலகையில் வரைந்தார். வரைந்ததைப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தேன்கூடு என்று நினைத்தார்கள். இரண்டாவது வாரம் இரும்பை ஒட்டுவதற்கு உருகும் கம்பிக் குச்சி, அதாவது ராடு, ஆளுக்கு மூன்று கொடுக்கப்பட்டது. ஒரு நாளைக்கு மூன்றுதான். அதை எரித்து முடித்துவிட்டால், மீதிப் பொழுதுக்கு ராடு செருகாத ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு காற்றில் கோடு இழுக்க வேண்டும். இருபது பேர் முகமூடி போட்டுக் காற்றைப் பற்றவைத்துக்கொண்டிருப்பதை வேலியோரம் நின்ற கழுதை ஒன்று நெடுநேரம் பார்க்கும்.

நூபியாவின் முதல் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். தகடும் சேர்ந்து வந்தது. இரண்டாவதும் ஒட்டியது. "தீக்குச்சி உரசற மாதிரி உரசணும்" என்றார் இஞ்சினியர், பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு. அவர் தானே ஒருமுறையும் உரசிக் காட்டவில்லை. அவருடைய சட்டை வெள்ளை.

மூன்றாவதை அவள் உரசியதும் பொறி பிடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பச்சைச் சூரியன். அதற்குக் கீழே இரும்பு இளகி, கஞ்சி கொதிப்பதுபோல் நடுங்கிற்று. கை கொஞ்சம் மேலே போனால் சத்தம் படபடவென்று வெடித்தது. கீழே போனால் திக்கிற்று. நடுவே ஓர் இடத்தில் மட்டும் சீராகச் சுறுசுறுவென்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும்போது மீன் போடுகிற சத்தம். அவள் கண்ணை விட்டுவிட்டுக் காதால் கையை நகர்த்தினாள். ராடு தீர்ந்தது. ஆறவிட்டு, மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினாள். அடியில் கோணல்மாணலாக, ஆனால் அறுபடாத ஒரு வரி.

"புழு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார் அர்னுல்ஃபோ. "ஆனா உயிருள்ள புழு. என்னுது பாரு, செத்துப்போன கோழிக் குடலு."

ராடுகள் ஈரம் வாங்கின. ஆற்றுக் காற்றில் உப்பே தண்ணீராகும் ஊர் அது. ராடு உலர்த்தும் அடுப்பு சாமான் பட்டியலில் இருந்தது, கொட்டகையில் இல்லை. நூபியா தன் மூன்று ராடையும் முந்தின நாளே கேட்டு வாங்கிப்போய், மீன் பொரித்து முடித்த அடுப்பின் மேல் தகரத்தில் வைத்து உலர்த்தினாள். மறுநாள் அவள் ராடில் மீன் நாற்றம் அடித்தது. வரி மட்டும் ஓட்டையில்லாமல் வந்தது.

ஒருநாள் முகமூடியை இறக்குவதற்கு முன்பே பக்கத்து ஆள் பொறி பிடித்துவிட, அந்த ஒளி அவள் கண்ணில் அடித்துவிட்டது. சாயங்காலம்வரை ஒன்றுமில்லை. இருட்டியதும் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆயிற்று. மகள் யூலியெத் உருளைக்கிழங்கை வட்டமாக அறுத்து அம்மாவின் இமைகளின் மேல் வைத்தாள். எல்லா வெல்டரும் அதைத்தான் வைப்பார்கள்.

"இப்ப நீ நெஜமாவே வெல்டராயிட்டியாம்மா?"

"கிழங்கு வெச்சாச்சுல்ல. பாதி ஆயிட்டேன்."

"அந்தக் கிழங்கத் தூக்கிப் போட்றாத" என்று ஊஞ்சலிலிருந்து யெசீத் குரல் கொடுத்தான். "காலைல சூப்புல போட்டுக்கலாம்."

பயிற்சியின் முடிவில் தேர்வு. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். அதிலிருந்து பட்டையாக ஒரு துண்டு அறுத்து, ஜாக்கி வைத்து வளைப்பார்கள். வளைவில் விரிசல் விட்டால் தோல்வி. அர்னுல்ஃபோவின் பட்டை பாதி வளைவதற்குள் 'டக்' என்று இரண்டாயிற்று. அவர் தொப்பியைக் கழற்றி அதற்கு அஞ்சலி செலுத்தினார். நூபியாவின் பட்டை குதிரை லாடம்போல வளைந்து, வளைந்தபடி நின்றது. இஞ்சினியர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு, "இது என் போதனா முறையின் வெற்றி" என்றார்.

மூன்று பேர் தேறினார்கள். மற்ற இரண்டு பேரும் அண்ணன் தம்பி. பட்டமளிப்பு முடிந்த மறுநாளே கடற்கரை ஊர்களுக்கு வேலை தேடிப் போனார்கள். நூபியாவுக்குப் போக வழியில்லை. ஒருவனைப் பிடித்து எழுப்ப வேண்டும், ஒருத்தியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். தேறாதவர்களுக்கு 'கலந்துகொண்டார்' என்று ஒரு சான்றிதழ். தேறியவர்களுக்கு 'திறனுள்ளவர்' என்று ஒன்று, தங்க ஓரத்தோடு. தோன்யா ஃபானி நூபியாவைக் கட்டிப்பிடித்து, இனி இந்த ஊர்ப் பெண்கள் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை என்று மைக்கில் அழுதாள்.

அடுத்த குலுக்கலில் கூண்டு சுற்றும்போது நூபியா முன் வரிசையில் நின்றாள். பந்துகள் வந்தன. அவளுடையது வரவில்லை. அது பழகியதுதான். பந்துகளைத் திரும்பப் பையில் கொட்டுகையில் அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய பந்து அதில் இல்லவே இல்லை.

"தோன்யா ஃபானி, எம் பந்து எங்க?"

"உனக்கெதுக்கு இனிமே பந்து? நீதான் திறனுள்ள ஆளாச்சே."

"அதனால?"

"இது திறன் இல்லாதவங்க குலுக்கலும்மா. திறன் இருக்கிறவள உள்ள விட்டா இல்லாதவன் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடாதா? விதி அது. நாம்பளே போராடி வாங்கின விதி." தோன்யா ஃபானி அவள் கன்னத்தைத் தட்டினாள். "நீ மேல போயிட்ட. மேல போனவங்க கீழ எட்டிப் பாக்கக் கூடாது."

"மேல எங்க போறது? வெல்டர் வேலைக்குக் கேட்டேன். ரெண்டு வருஷம் அனுபவம் வேணும்கிறாங்க."

"பாத்தியா, அப்ப வேலை இருக்கு!"

"கூட்டிப் பெருக்குற வேலையாவது குடுங்க."

"திறனுள்ளவ கையில தொடப்பத்தக் குடுத்தா நாளைக்கு எங்களத்தான் கேப்பாங்க, ஒரு பெண்ணோட தகுதிய இப்படியா மதிக்கிறதுன்னு. என்னால அந்தப் பாவத்தச் செய்ய முடியாது."

அன்று வந்த பந்துகளில் ஒன்று அர்னுல்ஃபோவுடையது. அவர் நூபியாவை நேராகப் பார்க்காமல் கூட்டத்தோடு நழுவப் பார்த்தார். முடியவில்லை.

"தாயி, அந்தப் பட்ட மட்டும் உடையாம இருந்திருந்தா இன்னிக்கு நானும் உங்கூட நின்னுக்கிட்டு இருப்பேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

செய்தியை அவள் யெசீதிடம் சொன்னாள். "எம் பேருக்கு மாத்திடச் சொல்லு" என்றான். அதையும் கேட்டாள். பழைய முதுகோடு குலுக்கலில் சேர்க்க மாட்டார்கள். யூலியெத்துக்கு வயது வரவில்லை. கம்பெனி வாசலில் மீன் பொரிப்பவர்கள் இப்போது பதினைந்து பேர் ஆகியிருந்தார்கள்.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது நூபியாவுக்கே தோன்றிய யோசனை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இஞ்சினியர் பெத்ராசாவிடம் போனாள். அவர் ஏசி உறுமும் கண்டெய்னர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், இத ரத்து பண்ணிடுங்க."

"எத?"

"என் திறமைய."

இஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அறிவ ஒருத்தர் பெற்ற பிறகு அதத் திரும்ப வாங்க எந்த சக்தியாலும் முடியாது."

"பந்து போச்சு டாக்டர். வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டம். எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"தெரியாதுன்னு எப்படி எழுத முடியும்? தெரிஞ்சிருக்கே." அவர் யோசித்தார். "ஒன்னு செய்யலாம். மறுதேர்வு வைக்கலாம். அதுல நீங்க தோத்தா சான்று தானா காலாவதி ஆயிடும்."

"எப்ப வைப்பீங்க?"

"உங்க ஆர்வம் பாராட்டுக்குரியது" என்றார் இஞ்சினியர்.

மறுதேர்வு நாளன்று நூபியா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். ராடுகளை முந்தின நாளே ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். தகட்டின் துருவைத் தேய்க்கவில்லை. முதல் வரியின் கசடைத் தட்டாமல் அதன் மேலேயே இரண்டாவது வரியைப் போட்டாள். கை தானாக அந்தச் சுறுசுறு சத்தத்தைத் தேடிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் அதை வலுக்கட்டாயமாக மேலே தூக்கினாள். பொறி வெடித்துத் தெறித்தது. மணிக்கட்டு வலித்தது. நன்றாகச் செய்த அன்றுகூட அவளுக்கு அவ்வளவு வியர்த்ததில்லை. ஆறியதும் பார்த்தாள். அர்னுல்ஃபோவின் கோழிக் குடல் இதைவிட அழகு. எறும்புப் புற்றுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இஞ்சினியர் வந்தார். அவர் பின்னால் தலைநகரத்திலிருந்து வந்த இன்னொரு டாக்டர், கழுத்தில் கேமராவோடு.

"இவங்கதான்" என்றார் இஞ்சினியர். "தேறின பிறகும் மறுபடி தேர்வு எழுத விரும்பினவங்க. தானாக் கேட்டு வந்தாங்க."

"அற்புதம்" என்றார் கேமரா டாக்டர்.

நூபியா தகட்டை நீட்டினாள். "வளைச்சுப் பாருங்க டாக்டர்."

"தேவையில்ல."

"ஒடஞ்சிடும் டாக்டர். உள்ள முழுக்க ஓட்டை. பாருங்க, வெளியவே தெரியுது."

இஞ்சினியர் கேமரா டாக்டரைப் பார்த்துப் புன்னகை செய்தார். "தன்னடக்கம்" என்றார். "இந்த ஊர்ப் பெண்களோட பெரிய குறையே இதுதான். தன்னம்பிக்கை வளர்க்க ஒரு வகுப்பு வைக்கணும்."

அவள் தகட்டைத் தரையில் போட்டாள். உடையும் என்று நினைத்தாள். தகடு சிமெண்டில் மணிபோல ஒலித்து, அப்படியே கிடந்தது. வளைத்தால்தான் உடையும். வளைக்க யாரும் இல்லை. ஜாக்கியைக் கம்பெனி ஒரு லாரி டயருக்காக எடுத்துப் போயிருந்தது.

புதுச் சான்றிதழில் 'உயர்நிலைத் திறனுள்ளவர்' என்று இருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் கம்பெனி வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றது. வெல்டர் நூபியா யார் என்று டிரைவர் கேட்டான். உடனே வர வேண்டுமாம், வேலை. யெசீத் ஊஞ்சலிலிருந்து தானாக எழுந்து நின்றான். யூலியெத் முகமூடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

"நிரந்தரமா?" என்று யெசீத் கேட்டான்.

"அவசரம்னாங்க" என்றான் டிரைவர்.

கம்பெனி வாசலில் பச்சைச் சட்டை போட்டு அர்னுல்ஃபோ நின்றிருந்தார். உள்ளே வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. கையை உயர்த்திச் சல்யூட் அடித்து அவளை உள்ளே விட்டார்.

முகாமின் நடுவே, புல்வெளியில், பாதியாக அறுத்த டிரம்மில் செய்த பெரிய கறி சுடும் அடுப்பு ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒரு கால் கழன்றிருந்தது. தலைநகரத்து முதலாளிகள் மதியம் வருகிறார்கள். ஊரோடு நல்லுறவு கொண்டாடும் விழா. கம்பெனி வெல்டர்கள் குழாய்ப் பாதையில் இருந்தார்கள். இருந்திருந்தாலும் அவர்களுக்குக் குழாய்க்குத்தான் காப்பீடு, அடுப்புக்கு இல்லை என்றார் சமையல் பொறுப்பாளர்.

நூபியா துருவைத் தேய்த்தாள். காலை நேராக நிறுத்தி இரண்டு பக்கம் புள்ளியாகப் பற்றவைத்தாள். பிறகு சுற்றி ஒரே இழுப்பாக வரி போட்டாள். கசடைத் தட்டியதும் அடியில் மீன் செதிள்போல வரிசை வரிசையாக, பளபளவென்று வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இஞ்சினியர் பெத்ராசா வந்து ஒரு படம் எடுத்தார், முகமூடியை இறக்கிக்கொள்ளச் சொல்லி.

"அடுத்த வேலை எப்ப டாக்டர்?"

"அடுப்பு நல்லா இருக்கிற வரைக்கும் இல்ல" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "நீங்க செஞ்சா ஒடையவா போவுது?"

கூலி கொடுக்க அவள் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்கவில்லை. அதனால் சமையல் பொறுப்பாளர், முதல் ஈடு வெந்ததும் ஒரு காகிதத் தட்டில் மாட்டு விலாக்கறியும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் குவியலாக வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சூடு காகிதத்தைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது.

அர்னுல்ஃபோ குறுக்கே வந்தார். அவர் முகம் பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஓட்டுகிறவனின் முகம் மாதிரி இருந்தது.

"தாயி, அது வெளிய போகக் கூடாது."

"எது?"

"உள்ள சமைச்சது எதுவும். வெளிய தின்னுட்டு யாருக்காவது வயித்தால போச்சுன்னா கம்பெனி பதில் சொல்லணுமாம்."

"அண்ணே, வீட்ல புள்ள பாத்துக்கிட்டு இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அதோ பாரு, கேமரா. போன வாரம் இங்க காவலுக்கு நின்ன ஒருத்தன் எலுமிச்சம்பழத்தோட ஒரு ஆள வெளிய விட்டான். அவனத் துரத்திட்டாங்க. எம் மாசம் இன்னும் முடியல, தாயி."

"அப்ப இத என்ன பண்றது?"

"குப்பைல போடணும். இல்ல, இங்கயே தின்னுட்டுப் போகலாம். உள்ளயே தின்னா தப்பில்ல."

காவல் கூண்டுக்குள் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அர்னுல்ஃபோ அதை அவளுக்குத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் மீன்காரிகள் பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். அவள் மேல்தட்டை எடுத்தாள். ஒரு விலாவை அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவரைவிட அவள்தான் அதிகம் தின்றாள்.